மூணு செட் கேரம் காயில் டிவான்: பலகை வரையறது, விதிச் சந்தேகம், அடுக்குற சூட்சுமம்

#1 முதுநகர்க்காரன்
கடலூர், பாண்டி பக்கம் டிவான் ஆடறவங்க இருக்கீங்களா? பெல்ஜியத்துக்காரர் கிறிஸ் பர்ம் 2001-ல் வெளியிட்ட, காய்மேல காய் அடுக்குற ரெண்டு பேர் ஆட்டம். வெளிநாட்டு செட்டை வரவழைச்சா அனுப்புற செலவே கட்டுப்படியாகல. காய் மொத்தம் 49: வெள்ளை 23, கருப்பு 23, சிவப்பு 3. கேரம் காயை வச்சு ஒப்பேத்த முடியுமா? பலகையை எந்த அளவுல வரையறது?

அப்படியே விதியிலும் மூணு சந்தேகம். அடுக்கு நகரும்போது காலிப் புள்ளியையும் எண்ணணுமா? சிவப்பை யார் நகர்த்தலாம்? நகர்த்த விருப்பமில்லன்னா "பாஸ்" சொல்லலாமா? இந்த மூணாவதுல தினமும் சண்டை.

#2 கேரம்பித்தன்
ஒரு கேரம் செட்டுல கருப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. மூணு செட் வாங்கினா 27, 27, 3. சிவப்பு சொல்லி வச்ச மாதிரி மூணு வந்துடும், மத்ததுல நாலு நாலு உபரி. உபரியைத் தூக்கிப் போடாதீங்க, ஓரம் உடைஞ்ச காய்க்கு மாத்து வேணும்.

மூணு செட்டும் ஒரே தயாரிப்பா, ஒரே கடையில, ஒரே நேரத்துல வாங்குங்க. சர்வதேச கேரம் விதிப்படி காயோட விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை, கனம் 7 முதல் 9 மி.மீ. வரை இருக்கலாம். விட்டத்துல வித்தியாசம் பெருசா தெரியாது. கனம்தான் வில்லங்கம். 7 மி.மீ. காய் பத்து அடுக்கினா 7 செ.மீ., 9 மி.மீ. காய் பத்து அடுக்கினா 9 செ.மீ. இந்த ஆட்டத்துல எதிராளி அடுக்கோட உயரத்தைக் கண்ணாலேயே படிச்சாகணும், ஏன்னா உயரம் எத்தனையோ அத்தனை புள்ளிதான் அது தாவும். காய் கலந்துபோனா அஞ்சு ஆறு மாதிரி தெரியும். ஒவ்வொரு நடைக்கும் விரல் வச்சு எண்ணிக்கிட்டு இருக்கணும்.

பாண்டி காந்தி வீதி ஞாயிறு சந்தையில பழைய காய் கிடைக்கும்தான், ஆனா கேரம்ல முதல்ல தொலையறது சிவப்பு. மூணு சிவப்பும் ஒரே சாயல்ல கிடைக்காது. சில செட்டுல சிவப்புங்கறது வெளிறின ரோஸ் கலரா இருக்கும், அது வெள்ளைக் காயோட மங்கின வெளிச்சத்துல குழம்பும்.

மேல்பக்கம் குவிஞ்ச காய் வேண்டாம். கடையிலேயே எட்டு காயை அடுக்கி மேசையை லேசா தட்டிப் பாருங்க, சரிஞ்சா அந்த செட்டை விட்டுடுங்க. பழைய காய்னா போரிக் பவுடர் ஒட்டியிருக்கும், அடுக்கு வழுக்கும். உலர்ந்த துணியால துடைச்சா போதும். மரக்காயைத் தண்ணியில கழுவாதீங்க, உப்பி ஓரம் பிரியும். நம்ம ஊர் உப்புக்காத்துக்கு மூடி போட்ட டப்பா கட்டாயம்.

#3 ஊடுபுள்ளி
தம்பி, பலகைக்குக் கணக்கே வேண்டாம். கோலம் போடற வீட்டுல கேட்டா ஒரு வரியில முடிஞ்சுடும்: ஊடுபுள்ளி, 11-ல ஆரம்பிச்சு 9-ல நிறுத்தணும். நடுவுல 11, அதுக்கு மேலயும் கீழயும் 10, அதுக்கும் வெளியே 9. கூட்டினா 9+10+11+10+9 = 49. காய் எத்தனையோ புள்ளியும் அத்தனை.

கேரம் காய்க்குப் புள்ளி இடைவெளி 4.5 செ.மீ. வைங்க. 4 செ.மீ.னா பக்கத்து அடுக்கைத் தட்டாம விரல் நுழையாது. நடு வரிசையை ஸ்கேல் வச்சு 11 புள்ளி குறிங்க (முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி 45 செ.மீ.). காம்பஸை 4.5-க்குத் திறந்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ரெண்டிலிருந்து வில் போட்டா வெட்டுற இடம்தான் அடுத்த வரிசைப் புள்ளி. ஸ்கேல்லயே பண்ணறதா இருந்தா வரிசைக்கு வரிசை 3.9 செ.மீ. தூரம், பாதியளவு அதாவது 2.25 செ.மீ. தள்ளிக் குறிக்கணும். ஓரம் விட்டு 55-க்கு 25 செ.மீ. ப்ளைவுட் துண்டு போதும்.

புள்ளியை மட்டும் வச்சு நிறுத்திடாதீங்க, கோடும் போடுங்க. கோடு மூணு திசையில வரும்: படுக்கையா ஒண்ணு, சாய்வா ரெண்டு. நெட்டுக்குத்தா கோடு கிடையவே கிடையாது. இதைப் போடாம விட்டா ஆடறவங்க ஒரு வரிசை விட்டு அடுத்த வரிசைக்கு நேரா மேல தாவுவாங்க, கண்ணுக்கு அது நேர்க்கோடு மாதிரிதான் படும். இடது ஓரத்தை ஒட்டி அஞ்சு வரிசையையும் ஒரே நேரா ஆரம்பிக்கறதும் தப்பு. அப்படி வரைஞ்சா பாதிப் புள்ளிக்கு அண்டை மாறிடும்.

வரைஞ்சதும் சரிபார்க்க ஒரு வழி: ஓரப் புள்ளி 24 இருக்கணும், உள்ளே 25. உள்ளே இருக்குற ஒவ்வொண்ணையும் சுத்தி ஆறு அண்டை. ஓரத்துல ஆறு மூலைக்கு மூணு மூணு அண்டை, மீதி 18-க்கு நாலு நாலு.

#4 பாரதிபூங்கா
ஊடுபுள்ளி அம்மா சொன்ன பலகைக்குப் பெயர் வைத்துக்கொண்டால் இழையில் பேச வசதி. மேலிருந்து வரிசைகள் அ (9), ஆ (10), இ (11), ஈ (10), உ (9). ஒவ்வொன்றிலும் இடமிருந்து 1, 2, 3. நடுப்புள்ளி இ6.

இனி விதி. ஆட்டம் இரண்டு கட்டம். முதலில் காலிப் பலகையில் காய் பரப்புவது. வெள்ளை தொடங்குகிறார். முதல் மூன்று காய்களும் சிவப்பு: வெள்ளை ஒன்று, கருப்பு ஒன்று, மீண்டும் வெள்ளை ஒன்று. அதன்பின் கருப்பு முதலாக அவரவர் காயை ஒவ்வொன்றாக எங்கு வேண்டுமானாலும் வைக்கிறார்கள். 49 புள்ளியும் நிரம்பும்போது கடைசிக் காயை வைப்பவர் வெள்ளை. நகர்த்தும் கட்டத்தையும் வெள்ளையே தொடங்குகிறார். இது கை மாறிவிட்டதாக நினைத்துப் பலர் இங்கேயே தடுமாறுகிறார்கள்.

நகர்த்துவது: மேல்காய் யார் நிறமோ அடுக்கு அவருடையது. அடுக்கின் உயரம் எத்தனையோ சரியாக அத்தனை புள்ளி, ஒரே நேர்க்கோட்டில். காலிப் புள்ளியையும் எண்ண வேண்டும், இடையில் நிற்கும் காயையும் எண்ண வேண்டும். ஆனால் இறங்கும் இடத்தில் ஏதாவது காய் இருந்தாக வேண்டும்; தன் காயோ எதிராளி காயோ சிவப்போ எதுவும் சரி. காலி இடத்தில் இறங்க முடியாது. அடுக்கைப் பிரித்துப் பாதியை மட்டும் எடுக்கவும் முடியாது. ஆறு பக்கமும் காய் சூழ்ந்திருந்தால் அந்த அடுக்கு அசையாது. ஆகவே தொடக்கத்தில் ஓரத்துக் காய்கள் மட்டுமே நகரும்.

தனிச் சிவப்பை யாரும் நகர்த்த முடியாது, அதன்மேல் யாரும் ஏறலாம். ஏறிவிட்டால் சிவப்பு அந்த அடுக்கோடு சேர்ந்து போகும், உயரக் கணக்கிலும் சேரும்.

ஒவ்வொரு நடை முடிந்ததும் பலகையைப் பாருங்கள். எந்தச் சிவப்போடும் தொடர்ச்சியாக ஒட்டி நிற்காத கூட்டம் எதுவானாலும், யாருடையதானாலும், அப்போதே வெளியே. அது யார் கணக்கிலும் சேராது.

"பாஸ்" பற்றி: நடை இருந்தால் நகர்த்தியே ஆக வேண்டும். ஒரு நடையும் இல்லாதபோதுதான் விடலாம். பின்னால் நடை பிறந்தால் மறுபடி ஆடியாக வேண்டும். இருவருக்கும் நடை தீர்ந்தால் ஆட்டம் முடிவு. அவரவர் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உயரம் பார்ப்பது. சமமானால் சமநிலை.

#5 சில்வர்பீச்_காத்து
இவ்வளவு எதுக்கு ப்ரோ. கடைசில உயரம்தான் கணக்கு. ஆரம்பத்துலேர்ந்து கிடைச்சதை எல்லாம் ஒரே அடுக்குல ஏத்திக்கிட்டே போனா முடிஞ்சுது. பெரிய அடுக்கு வச்சிருக்கறவன்கிட்ட சின்னக் காய் என்ன பண்ணும்?

#6 ஊடுபுள்ளி
சின்னக் காய் அதுமேல ஏறும். ஒரு ஒத்தைக் காய் பக்கத்துல நின்னா போதும், பத்து உயர அடுக்கு ஒரே நடையில கை மாறிடும்.

அதை விடுங்க, பலகையோட அளவைப் பாருங்க. சாய்வுக் கோட்டுல எங்க பார்த்தாலும் அஞ்சு புள்ளிக்கு மேல இல்ல. அஞ்சு புள்ளின்னா நாலு தாவல்தான். அப்போ அஞ்சும் அதுக்கு மேலயும் உயரமான அடுக்கு சாய்வா போகவே முடியாது, படுக்கை வரிசையில மட்டும்தான் ஓடும். நடு வரிசையில 11 புள்ளி, பத்து தாவல். பத்து உயரம் இ1-லிருந்து இ11-க்கும், அங்கிருந்து இங்கயும் மட்டும்தான் தாவலாம். பதினொண்ணு ஆயிட்டா அந்த அடுக்கு எங்கயும் நகராது, முடிஞ்சுது.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்க. இ6-ல நிக்கிற ஆறு உயர அடுக்குக்கு வலது பக்கம் அஞ்சு புள்ளி, இடது பக்கம் அஞ்சு புள்ளி. அசையாது. ஏழு உயரம்னா இ5, இ6, இ7 மூணும் செத்த இடம். எட்டுன்னா இ4 முதல் இ8 வரைக்கும். வெளி வரிசை அ, உ ரெண்டுலயும் இன்னும் சீக்கிரம்: அ5-ல அஞ்சு உயரமே அசையாது. உயரம் ஏற ஏற அது ஓரத்தை நோக்கிப் போகணும், ஆனா ஓரத்துல சிவப்போட தொடர்பு அறுந்துபோற ஆபத்து கூட. உயரமான அடுக்கு தன்னால தப்பிக்க முடியாது, பக்கத்துல இருக்கறவங்க தயவுல நிக்குது.

#7 கேரம்பித்தன்
ஆமாம்மா. நாலு வரைக்கும்தான் அடுக்கு சுறுசுறுப்பா இருக்கும். அதுவும் நாலு உயரம் சாய்வா போகணும்னா அ வரிசையிலிருந்து உ வரிசைக்கு முழுசா கடக்கணும். அ3-லிருந்து உ5, இல்லன்னா உ1, அவ்வளவுதான்.

ஒண்ணும் ரெண்டுமா நிறைய வச்சிருக்கறவங்க கையிலதான் கடைசி நடைகள் மிஞ்சும். எதிராளிக்கு நடை தீர்ந்து, நமக்கு நாலு நடை பாக்கின்னா அந்த நாலும் தொடர்ச்சியா நாமே ஆடறோம். அந்த நேரம் பெரிய அடுக்குமேல நிதானமா ஏறலாம்.

#8 பாரதிபூங்கா
நாலு நடை மிஞ்சுவது எப்போதும் லாபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடை இருந்தால் ஆடியாக வேண்டும் என்ற விதி அங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். ஒரு நிலை தருகிறேன், காயை வைத்துப் பாருங்கள்.

இ2: கருப்பு, உயரம் 2.
இ3: வெள்ளை, ஒற்றை.
இ4: தனிச் சிவப்பு.
இ5: வெள்ளை, உயரம் 3.
இ6: கருப்பு, உயரம் 4.
இ7: கருப்பு, உயரம் 5.
உ9: இரண்டு சிவப்பின் மேல் ஒரு கருப்பு, உயரம் 3.

மற்றப் புள்ளிகள் எல்லாம் காலி. வெள்ளை ஆட வேண்டும். எப்படி ஆடினால் வெற்றி?

#9 சில்வர்பீச்_காத்து
இதுல என்ன இருக்கு. இ5-லிருந்து மூணு தாவி இ2. அங்க கருப்பு ரெண்டு இருக்கு, மேல ஏறினா வெள்ளை அஞ்சு. இ5 காலியானதும் இ6, இ7 ரெண்டும் சிவப்போட தொடர்பு விட்டுப்போகும். ஒன்பது கருப்பு ஒரே அடியில வெளியே. கருப்புக்கு மிச்சம் உ9-ல மூணு. நமக்கு அஞ்சும் ஒண்ணும் ஆறு. முடிஞ்சது ஆட்டம்.

#10 கேரம்பித்தன்
முடியல, இன்னும் ஒரு நடை இருக்கு. ஒன்பது காயை அள்ளின பிறகு கருப்பைப் பாருங்க: உ9-ல மூணு உயரம், மூணு தள்ளி எந்தத் திசையிலயும் காய் இல்ல, அதனால பாஸ். வெள்ளைக்கு? இ2-ல இருக்குற அஞ்சு இ7-க்குத்தான் போகணும், அது காலி, முடியாது. ஆனா இ3 ஒத்தைக்கு நடை இருக்கு. இருக்கறதால ஆடியே ஆகணும்.

இ3 போய் இ4 சிவப்புமேல ஏறினா இ3 காலி, இ2-ல இருக்குற அஞ்சு தனிச்சுப் போச்சு, வெளியே. மிஞ்சறது இ4-ல ரெண்டு. கருப்பு மூணு, வெள்ளை ரெண்டு, தோல்வி. இ3 பின்னால போய் இ2 மேல ஏறினா ஆறு ஆகும், அந்த ஆறும் சிவப்பை விட்டு விலகினதால மொத்தமா வெளியே. அப்போ 0-க்கு 3.

முதல்லயே இ3-லிருந்து இ2-க்குப் போறதும் வேலைக்கு ஆகாது. ஏறின மூணும் அங்கேயே அறுந்து விழும். அதுக்கப்புறம் யாருக்கும் நடை இல்ல, 3-க்கு 12.

சரியான நடை இ3-லிருந்து இ4. ஒத்தைக் காய் சிவப்புமேல ஏறுது. இ2-ல இருக்குற கருப்பு ரெண்டு வெளியே, அவ்வளவுதான் உடனடி லாபம். ஆனா இப்போ கருப்புக்கு நடையே இல்ல: இ6-ல நாலு, இ2-க்கும் இ10-க்கும் போகலாம், ரெண்டும் காலி. இ7-ல அஞ்சு இ2-க்குப் போகணும், காலி. பாஸ். வெள்ளைக்கு இருக்குற ஒரே நடை இ4-லிருந்து ரெண்டு தாவி இ6. சிவப்பையும் கூட்டிக்கிட்டே போய் நாலு மேல ஏறி ஆறு ஆகுது. சிவப்பு இ6-க்கு வந்துட்டதால ரெண்டு பக்கமும் இ5, இ7 ஒட்டிக்கிட்டு உயிரோட இருக்கு. அதோட எல்லாருக்கும் நடை தீர்ந்துடும். வெள்ளை 3+6 = 9, கருப்பு 5+3 = 8.

#11 முதுநகர்க்காரன்
ஒன்பது காயை அள்ளினா தோல்வி, ரெண்டு காயை எடுத்தா வெற்றி. வச்சுப் பார்த்துட்டேன், சரியா வருது. கடைசிக் கட்டம் இப்படின்னா, முதல்ல காய் பரப்பறதுக்கு எதைப் பார்க்கணும்? இப்போ வரைக்கும் மனம்போன போக்குல வைக்கிறோம். ஆடுபுலில ஆட்டைப் பரப்பற மாதிரிதானே?

#12 பாரதிபூங்கா
ஆடுபுலியில் புலி மூன்றும் ஆடு பதினைந்தும், புள்ளி 23. எல்லாம் வைத்த பின்னும் ஐந்து புள்ளி காலி, அதுதான் ஓடுகிற வழி. இங்கே ஒரு புள்ளிகூடக் காலி இல்லாமல் நிரம்புகிறது. வழி பிறப்பது ஓரத்தில் யாராவது ஒரு காயை எடுத்த பிறகுதான். பரப்பும்போது பார்க்க வேண்டியது இரண்டு: ஓரம் எத்தனை நமக்கு, சிவப்புக்கு அண்டையில் யார்.

ஓரப் புள்ளி 24. அவற்றில் 14 எதிராளியிடம் போய்விட்டால் முதல் பத்து நடைக்குள் நம் தேர்வுகள் சுருங்கிவிடும். நம் காய்கள் உள்ளே சூழப்பட்டுக் கிடக்கும்.

சிவப்பு நடுவில் இருந்தால் நிலைமை வேறு. இ6-ல் சிவப்பு என்று வையுங்கள். அண்டை ஆறும் (ஆ5, ஆ6, இ5, இ7, ஈ5, ஈ6) சூழப்பட்ட காய்கள். முதல் நடையில் யாரும் அதைத் தொட முடியாது. யாராவது அ5-ஐ எடுத்தால் ஆ5, ஆ6 இரண்டுக்கும் ஒரு பக்கம் திறக்கும். உடனே அதில் ஒன்று இ6-ல் ஏறலாம். ஆகவே ஆ5, ஆ6 எதிராளி காயாக இருக்கும்போது அ5-ஐ நாம் நகர்த்தினால் கதவைத் திறந்துவிட்டு வெளியே நிற்கிறோம். பரப்பும்போதே இந்த ஜோடிகளைக் கவனியுங்கள்: அ, உ வரிசையில் மூலை தவிர்த்த ஒவ்வொரு ஓரக் காயும் உள்ளே இரண்டு காய்க்குப் பூட்டு.

#13 ஊடுபுள்ளி
ஓரத்தைப் பிடிங்கன்னு பொதுவா சொல்லாதீங்க சார், ஒரு பிடி சேர்த்துச் சொல்லணும். மூலைக்கு மூணு அண்டைதான். அங்க நம்ம காய் நகரும், சரி, ஆனா சுத்தி மூணு போச்சுன்னா நிமிஷத்துல அறுந்துபோற இடமும் அதுதான். மூலையில உயரம் சேர்க்கறதை விட அ4, அ6 மாதிரி நடு ஓரம் எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு, மூணு சிவப்பும் ஒரே பக்கம் விழுந்துட்டா ஆட்டத்தோட போக்கே மாறும். இடது பக்கம் 1 முதல் 4-க்குள்ள மூணும் இருந்தா, வலது இறக்கை முழுசும் நடுவுல இருக்குற ஒரு இடுக்கு வழியாத்தான் உயிரோட இருக்கும். அங்க அஞ்சு வரிசைலயும் ஒட்டினாப்பல ஒவ்வொரு புள்ளி காலியானா போதும், அந்தப் பக்கம் இருக்குற அத்தனையும் ஒரே நடையில காலி. அதனால சிவப்பு எந்தப் பக்கம் போச்சுன்னு பார்த்துட்டு, நம்ம காயை அந்தப் பக்கமாவே நெருக்கமா வைங்க. தூரத்துல வச்ச காய் வெறும் நடை எண்ணிக்கைக்குத்தான் உதவும். அதுவும் தேவைதான், ஆனா அஞ்சாறு போதும்.

கருப்பு ஆடறவங்களுக்கு ஒரு சிவப்புதான் கையில. வெள்ளை வச்ச முதல் சிவப்புக்கு எதிர்ப்பக்கமா வச்சா பலகை விரிஞ்சு நிக்கும், கடைசி நடை வரைக்கும் நிறைய காய் மிஞ்சும்.

#14 சில்வர்பீச்_காத்து
சரி, இ3-இ4 நல்லாத்தான் இருக்கு. ஆனா சிவப்புமேல எப்ப ஏறணும்? ஏறினதும் எதிராளி அதுமேல ஏறிடறானே.

#15 கேரம்பித்தன்
ஏறினதும் பக்கத்துல எதிராளி ஒத்தைக் காய் நகரக்கூடிய நிலையில இருக்கான்னு பாருங்க. ரெண்டு தள்ளி ரெண்டு உயரம், மூணு தள்ளி மூணு உயரம் இருக்கான்னும் பாருங்க. இருந்தா ஏறாதீங்க. காத்திருந்து, பக்கம் வெறிச்சான பிறகு ஏறுங்க. சிவப்பைச் சுமந்த ரெண்டு உயர அடுக்குதான் இந்த ஆட்டத்துலயே ஆபத்தான காய். ரெண்டு தாவினா தான் நின்ன இடத்தை உயிரில்லாம விட்டுட்டுப் போகும், போன இடத்துக்கு உயிர் கொடுக்கும். அதை அஞ்சு ஆறுன்னு வளர விட்டா அந்த வேலை போச்சு.

#16 முதுநகர்க்காரன்
வேற எந்த ஆட்டத்தையும் இதே காய்ல ஆட முடியுமா? செலவு பண்ணிட்டோம், ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்.

#17 பாரதிபூங்கா
முடியும். செஸ் உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் 1911-ல் வெளியிட்ட லாஸ்கா: 7-க்கு 7 பலகை, 25 கட்டம் மட்டும் பயன்படும், ஆளுக்கு 11 காய். செக்கர்ஸ் போலத் தாண்டிப் பிடிப்பது, ஆனால் பிடிபட்ட காய் வெளியே போகாமல் பிடித்தவனுக்கு அடியில் சேரும். எதிர்ப்பக்கக் கடைசி வரிசையை எட்டி உயர்த்தப்பட்ட காயை அடையாளம் காட்ட மேல்பக்கம் ஒரு குறி வேண்டும், சின்ன ஸ்டிக்கர் போதும்.

சிட் சாக்ஸனின் ஃபோகஸும் இதே காயில் நடக்கும். இருவர் ஆடினால் ஆளுக்கு 18 காய். 8-க்கு 8 பலகையில் ஒவ்வொரு மூலையிலும் மூன்று கட்டம் நீக்கி 52. அங்கேயும் உயரம் எத்தனையோ அத்தனை கட்டம், ஆனால் அடுக்கைப் பிரித்துப் பாதியோடு போகலாம், ஐந்துக்கு மேல் போனால் அடியிலிருந்து உருவிவிட வேண்டும். ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த ஆட்டம் விருதை 1981-ல் பெற்றது. டிவானில் அடுக்கைப் பிரிக்கலாம் என்று சாதிப்பவர்கள் பெரும்பாலும் இதை முதலில் கற்றவர்கள்.

கிறிஸ் பர்ம் 2017-ல் வெளியிட்ட லிங்க் (LYNGK) என்ற ஆட்டம் மட்டும் கேரம் காயில் ஆகாது. ஐந்து நிறம், நிறத்துக்கு எட்டு, கூட மூன்று ஜோக்கர், மொத்தம் 43. ஐந்தும் வேறு வேறு நிறமாக ஓர் அடுக்கைக் கட்டிச் சேகரிப்பதுதான் குறி. தொடக்கத்தில் எந்த நிறமும் யாருக்கும் சொந்தமில்லை. ஆட்டத்தின் நடுவே ஆளுக்கு இரண்டு நிறத்தை உரிமை கொண்டாடலாம். ஆட ஆசையிருந்தால் போர்டுஸ்பேஸ் இணையதளத்தில் டிவானும் லிங்கும் இருக்கின்றன.

#18 சில்வர்பீச்_காத்து
பலகையை ஃப்ளெக்ஸ்ல அடிச்சா என்ன? சுருட்டி எடுத்துட்டுப் போகலாம், பாண்டி பீச் ரோட்டுல சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தினதும் உக்காந்து ஆடலாம்.

#19 கேரம்பித்தன்
பளபள ஃப்ளெக்ஸ் வேண்டாம். சுருட்டின வளைவு போகாம நடு வரிசை மேடாகி அடுக்கு சாயும். மேட் வினைல் அடிச்சு சன்போர்டுல ஒட்டச் சொல்லுங்க. கடைக்காரர் பக்க அளவுக்கு இழுத்துப் பெருசாக்கிடுவாரு. அடிச்சு வந்ததும் ஸ்கேல் வச்சு படுக்கையா 4.5, சாய்வாவும் 4.5 இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்தா திருப்பிக் கொடுங்க.

பீச் ரோடு, சில்வர் பீச் ரெண்டுமே காத்துக்கு சரிப்படாது. ஒரு காய் 5 கிராம் சொச்சம்தான், எட்டுக்கு மேல போன அடுக்கு கை பட்டாலே போதும். பாரதி பூங்கா மாதிரி மரம் மறைச்ச இடமா பாருங்க. பதினொண்ணு தாண்டின அடுக்கு இனி நகராதுங்கறதால, மேல்காயை மட்டும் புள்ளியில விட்டுட்டு மீதியைப் பக்கத்துல படுக்க வச்சுடலாம். காய்க்கு அடியில எண்ணிக்கை எழுதின துண்டுச் சீட்டு. எதிராளி அதுமேல ஏறினா சீட்டுல எண்ணைத் திருத்திக்கணும். அந்தப் புள்ளி சிவப்போட தொடர்பு விட்டா, படுத்திருக்கற காயும் சேர்ந்துதான் வெளியே போகும், அதுல வாக்குவாதம் வேண்டாம். அடுக்குக்குள்ள சிவப்பு இருந்தா சீட்டுல அதையும் குறிங்க, இல்லன்னா உயிருள்ள அடுக்கைத் தூக்கி வெளியே வச்சுடுவீங்க.

#20 முதுநகர்க்காரன்
எட்டு பேர் சேர்ந்தா போட்டி வைக்கலாம்னு இருக்கோம். சமநிலை வந்தா?

#21 ஊடுபுள்ளி
ஜோடிக்கு ரெண்டு ஆட்டம், நிறம் மாத்தி. ரெண்டு ஆட்டத்து உயர வித்தியாசத்தையும் கூட்டிப் பாருங்க: முதல் ஆட்டம் 9-8, ரெண்டாவது 12-15-ன்னா முதல் ஆட்டத்துல தோத்தவங்கதான் மொத்தத்துல ரெண்டு முன்னாடி. அப்பவும் சமம்னா அரை அரைப் புள்ளி கொடுத்துடுங்க. பரப்பற கட்டத்துக்கே 49 காய் வைக்கணும், அதுக்கு நேரம் சேர்த்து ஆளுக்கு 20 நிமிஷம் கடிகாரம் வைங்க தம்பி.